இரண்டு விமானங்களுக்கு நடுவே உள்ள தூரம்

டிராவல்ஸ் வேலைக்குப் புதிதாக வந்து கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் உங்களிடம் முதல் வாரத்திலேயே யாராவது வந்து கேட்பார்: “சென்னையிலேர்ந்து ஹூஸ்டன் எவ்ளோ தூரம் சார்? எத்தன மணி நேரம் ஆகும்?” நீங்கள் கணினியில் இரண்டு ஊர்ப் பெயர்களைத் தட்டுவீர்கள். ஏறக்குறைய பதினைந்தாயிரம் கிலோமீட்டர், வழியில் ஓரிடத்தில் மாறினால் ஒரு முழுநாள் என்று அது சொல்லும். அதை அப்படியே சொல்லிவிட்டு, அந்தத் தூரத்தை நீங்களே நடந்து அளந்து வந்தது போல முகத்தை வைத்துக்கொள்வீர்கள். தப்பில்லை. நானும் பல வருடங்கள் அந்த முகத்தைத்தான் வைத்திருந்தேன். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். அந்த முகத்தை இங்கே யாரும் மதிப்பதில்லை.

ஆனால் நான் உண்மையிலேயே அளந்தவன், நூலை வைத்து. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேறொரு வேலை கைவிட்டுப் போய், தலையில் பாதி முடியும் போன பிறகுதான் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த எங்கள் டிராவல்ஸில் சேர்ந்தேன். முதலாளியம்மா என்னைவிட வயதில் சின்னவர். ஆபீசில் எல்லோரும் ‘அக்கா’ என்றார்கள். நானும் ‘அக்கா’ என்றேன். முதல் நாள் அவர் என் வழுக்கையை ஒரு தடவை பார்த்தார், பிறகு பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

சேர்ந்த புதிதில் ஒரு வாடிக்கையாளர், விமானம் எந்த வழியாகப் போகும் என்று கேட்டார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தில் சென்னைக்கும் ஹூஸ்டனுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்து, “ஆப்பிரிக்கா மேல போய், அட்லாண்டிக் கடலைத் தாண்டி நேரா இறங்கிடும் சார். ஜன்னல் சீட் போட்டிருக்கேன், பாலைவனம் நல்லா தெரியும்” என்றேன். திரும்பி வந்தவர் நேராக என் மேசைக்கு வந்தார்.

“எந்தப் பாலைவனம் சார்? கீழ குனிஞ்சா பூரா பனிக்கட்டி.”

அக்கா காதிலும் அது விழுந்தது. மறுநாள் தன் மகனுடைய பள்ளிக்கூடத்து உலக உருண்டையைக் கொண்டு வந்து, அதே நூலை அதன்மேல் இழுத்துக் காட்டினார். நூல் மேற்கே போகாமல் வடக்கே ஏறி, வடதுருவத்துப் பக்கமாகப் போய், அந்தப் பக்கம் இறங்கியது.

“பூமி உருண்டைன்னு உங்களுக்கு ஸ்கூல்ல சொல்லித் தரலையா சார்?”

“சொன்னாங்கக்கா. இவ்ளோ சீரியஸா சொல்லல.”

இந்த மாதிரித் தப்பால் யாருக்கும் நஷ்டமில்லை. விமானி என் நூலைக் கேட்டு ஓட்டுவதில்லை. இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே ஆகாயத்தில் இருக்கிற தூரம் விமானத்தின் பாடு. தரையில் இருக்கிற தூரம்தான் நம்முடைய பாடு. மேடவாக்கத்துச் சந்திப்பில் தண்ணி லாரி ஒன்று குறுக்கே திரும்ப முடியாமல் நின்றால், அங்கிருந்து மீனம்பாக்கம் எத்தனை மணி நேரம் என்று எந்தக் கணினியும் சொல்லாது. ஆனால் தரையில் இன்னொரு தூரம் இருக்கிறது. ஒரு விமானத்திலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுகிற இடத்தில் இருக்கும் தூரம். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு பிற்பகலில் தெரிந்துகொண்டது. சொல்லிக்கொடுத்தவர் ஒரு பயணி.

அதற்கு முன் வீல்சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நம் தொழிலின் செல்லப்பிள்ளை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள், பெற்றோர் சேலையூரிலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் இருப்பார்கள். பேரப்பிள்ளை பிறக்கிற நேரத்தில் அம்மா கிளம்பியாக வேண்டும். கால்கள் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அறிமுகமில்லாத ஊரில் இறங்கி, ஆங்கிலப் பலகைகளைப் படித்து, அடுத்த விமானத்தின் வாசலைக் கண்டுபிடிக்க வேண்டுமே என்று பயம். அதனால் டிக்கெட்டில் வீல்சேர் கேட்டுவிடுவோம். தள்ளுகிறவருக்கு வழி தெரியும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். இந்த விஷயத்தில் நான் ஒரு வள்ளல். அறுபதைத் தாண்டியவர் யார் உள்ளே நுழைந்தாலும் என் விரல் தானாகக் கணினியில் வீல்சேர் கட்டத்தைத் தட்டிவிடும். ஒருமுறை மின்கட்டணம் கட்டத் தவறுதலாக எங்கள் கடைக்கு வந்த பெரியவருக்கே போட்டிருப்பேன், அவர் பாஸ்போர்ட் கொண்டுவரவில்லை.

டீச்சருக்கும் அப்படித்தான் போட்டேன்.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வந்தார். பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு சொல்லித்தரும் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. ஒரே மகள் ஹூஸ்டனில். டிக்கெட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றி, பரீட்சைத்தாள் திருத்துவது போலப் படித்தார்.

“இது என்ன சார்?”

“வீல்சேர் டீச்சர்.”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான்.”

கண்ணாடியைக் கழற்றினார். “நான் தினமும் ஏரியை ரெண்டு சுத்து சுத்தறவ. நீங்க எவ்ளோ நடப்பீங்க?”

“டீக்கடை வரைக்கும் போவேன் டீச்சர்.”

“அப்ப இதை உங்க பேர்ல போட்டுக்குங்க.”

மகளுக்குப் போன் போட்டு டீச்சரிடம் கொடுத்தேன். அந்தப் பெண் மறுமுனையில், “அம்மா, எனக்காகம்மா. மொத தடவை ஃப்ளைட்ல வர்ற. நடுவுல எங்கயாவது வழி தெரியாம நின்னுட்டன்னா நான் இந்த வயித்தை வெச்சுகிட்டு இங்க என்ன பண்ணுவேன்?” என்றாள். டீச்சர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “சரி, இருக்கட்டும். அவளுக்காக” என்றார். என் ஆலோசனையை ஏற்றுக்கொண்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு எல்லாம் அவசரமாகிவிட்டது. மகளுக்கு இது இரண்டாவது பிரசவம்; மூத்த பையனுக்கு மூன்று வயது. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போக, டாக்டர் ஆபரேஷனை முன்னால் தள்ளி ஒரு வியாழக்கிழமை காலைக்கு வைத்துவிட்டார். அவர்கள் அந்த ஊருக்குப் புதிதாகக் குடிபோனவர்கள்; குழந்தையை விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு அக்கம்பக்கம் பழக்கமில்லை. மருமகன் மனைவியோடு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டுமானால், பையனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் டீச்சர். புதன்கிழமை இரவுக்குள் அவர் போய்ச் சேரவில்லை என்றால் அந்தப் பெண் ஆபரேஷனுக்குத் தனியாகத்தான் போவாள்.

பழைய டிக்கெட்டை மாற்றப் பார்த்ததில், புதன்கிழமை காலையில் கிளம்பி வளைகுடா நகரம் ஒன்றில் மாறிப் போகிற விமானத்தில் ஒரே ஒரு இருக்கை கிடைத்தது. அங்கே இறங்கி ஏற இரண்டு மணி நேரம். அதைத் தவறவிட்டால் அடுத்தது மறுநாள்தான். இரண்டு மணி நேரம் போதும் என்றது கணினி. நானும் போதும் என்றேன். கணினியும் நானும் அந்த விமான நிலையத்தில் ஒரு தடவைகூட நடந்ததில்லை.

புதன்கிழமை காலை சென்னையில் மழை. விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகக் கிளம்பியது. பிற்பகலில் நான் வடையைக் கையில் எடுத்த நேரத்தில் போன் வந்தது.

“சார், டீச்சர் பேசறேன்.”

“இறங்கிட்டீங்களா டீச்சர்?”

“இறங்கிட்டேன். எல்லாரும் போன பிறகு கடைசியாத்தான் வீல்சேர்காரங்க எங்களை இறக்கினாங்க. இப்ப ஒரு மூலையில வரிசையா உக்கார வெச்சிருக்காங்க, வெயில்ல வெச்ச ஊறுகா ஜாடி மாதிரி. இதை என் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க. அவளுக்குப் பிரஷர் ஏறிடும்.”

திரையைப் பார்த்தேன். ஹூஸ்டன் விமானத்தின் வாசல், அந்த விமான நிலையத்தின் மறுகோடியில். மூட இன்னும் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அமெரிக்கா போகிற விமானம் என்பதால் வாசலில் இன்னொரு சோதனையும் உண்டு. நான் வடையைக் கீழே வைத்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு நிலைமையின் தீவிரம் இதிலேயே புரிந்திருக்கும்.

“உங்க கூட எத்தனை பேர் டீச்சர்?”

“ஹூஸ்டனுக்கு மூணு பேர். நான், மேடவாக்கத்துக்காரர் ஒரு பெரியவர், ஒரு வடநாட்டு அம்மா. பெரியவருக்கு வலது பக்கம் இழுத்துகிட்டிருக்கு. அந்தம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் பண்ணியிருக்கு. தள்றதுக்கு ஒரே ஒரு ஆள்தான் இருக்காரு, மலையாளத்துக்காரர். ஒரு நேரத்துல ஒருத்தரைத்தான் கூட்டிட்டுப் போவாராம். மத்த ஆளுங்க வந்துடுவாங்கன்னு சொல்றாரு.”

“யாரை முதல்ல கூப்பிடறாரு?”

“என்னைத்தான்.”

எனக்கு உயிர் வந்தது. “அப்புறம் என்ன டீச்சர், கிளம்புங்க.”

மறுமுனையில் அறிவிப்புச் சத்தம் கேட்டது.

“மத்த ரெண்டு பேர்?” என்றார்.

“அவங்களுக்கு ஆள் வருவாங்க.”

“எப்போ?”

எனக்குத் தெரியாது. அக்காவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, விஷயத்தைச் சொன்னேன். கையால் வாயை மூடிக்கொண்டு, “அக்கா, டீச்சர்தான் நம்ம பாசஞ்சர். மத்தவங்க நம்ம டிக்கெட் இல்ல” என்று கிசுகிசுத்தேன். நான் கிசுகிசுத்தால் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலம் வரை கேட்கும்.

“நம்ம டிக்கெட் இல்லன்னா அவங்க ஃப்ளைட்டை விட்டா பரவாயில்லையா சார்?” என்றார் டீச்சர் ஸ்பீக்கரிலிருந்து.

அந்த நிமிடத்தில் கணக்கு இதுதான். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தால் அவர் போய்ச் சேருவது ஏறக்குறைய நிச்சயம். மற்ற இருவரும் அநேகமாக நின்றுபோவார்கள். அவர் எழுந்துவிட்டால், நாற்காலிகள் இரண்டு, தள்ளுகிறவர் ஒருவர். இன்னொன்றைத் தள்ளப் பயணியை அனுமதிப்பார்களா, வழியில் யாராவது நிறுத்துவார்களா, நேரம் போதுமா? ஒன்றும் தெரியாது. மூன்று பேருமே தவறவிடலாம். தவறவிட்டால் ஹூஸ்டனில் ஒரு பெண் தனியாகப் போவாள். நான் டீச்சர் இடத்தில் இருந்திருந்தால் இந்நேரம் பாதி தூரம் போயிருப்பேன், கையாட்டிக்கொண்டே.

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “டீச்சர், வேகமா நடக்க முடியுமா?”

“நடக்கவா? ஏம்மா, நாப்பது பொண்ணுங்களை ஓட வெச்சவம்மா நான். கூட ஓடாம ஓட வெக்க முடியுமா?”

“அப்ப நீங்க முடிவு பண்ணுங்க. நான் ஏர்லைன்ஸ்ல பேசறேன். சார் லைன்லயே இருப்பாரு.”

அக்கா அடுத்த போனை எடுத்தார். எங்கள் போனில், டீச்சர் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், என்னிடம் அல்ல.

“தம்பி, நீங்க அந்தம்மாவைத் தள்ளிகிட்டு முன்னால போங்க. நான் இவரைக் கூட்டிட்டுப் பின்னால வரேன்.”

“அய்யோ சேச்சி, பாசஞ்சர் தள்ளக்கூடாது. எனக்கு ஜோலி போகும்.”

“நான் எங்கப்பா தள்றேன்? வயசானவ, பிடிச்சுகிட்டு நடக்க ஒரு கம்பி வேணும். அது இவர் நாற்காலியில இருக்கு. நான் கம்பியைப் பிடிச்சுகிட்டு நடக்கறேன். நாற்காலி நகர்ந்தா நான் என்ன பண்ண?”

அந்த மலையாளத்துக்காரர் ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும். “வேகம் வரணும் சேச்சி” என்று மட்டும் சொன்னார். அவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. நல்ல மனிதர்.

அடுத்து, போன் கை மாறியது. “இதைப் பிடிங்க. லைன்ல டிராவல்ஸ்காரர் இருக்காரு” என்று டீச்சர் சொல்வது கேட்டது. பிறகு ஒரு கனமான குரல்.

“அலோ. யாருப்பா நீ?”

“டிராவல்ஸ்லேர்ந்து பேசறேங்க. தாம்பரம்.”

“தாம்பரத்துல எங்க?”

“ஸ்டேஷன் பக்கம். ஐயா, இப்ப எங்க போயிட்டிருக்கீங்க?”

“எனுக்கு இன்னா தெரியும்? இந்தம்மா இட்டுகினு போவுது. காத்து மூஞ்சில அடிக்குது.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “ஏம்பா, இந்தம்மா இன்னா, போலீஸா?”

“பி.டி. டீச்சர்.”

“அதான பாத்தேன்.”

நான் திரையில் இருந்த வரைபடத்தைப் பார்த்து, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். பெரியவர் அதை டீச்சருக்குச் சொன்னார். டீச்சர், “முன்னால ஆள் போறாரு, அவருக்கு வழி தெரியும். அவரைப் பேசாம இருக்கச் சொல்லுங்க” என்றார். பெரியவர் அதையும் எனக்கு விசுவாசமாகச் சொன்னார். “உன்ன கம்முனு இருக்க சொல்லுது.”

இருந்தேன். லிஃப்ட் வாசலில் கூட்டம் என்றார் பெரியவர். உடனே டீச்சரின் குரல் கேட்டது. உரக்கக் கத்தவில்லை. மைதானத்தின் மறுகோடி வரை போகிற, பழகிய குரல். “எல்லாரும் கொஞ்சம் ஓரமா நில்லுங்க. பெரியவர் வராரு.” சுத்தத் தமிழில்.

“வழி விட்டாங்களா ஐயா?”

“வுடாம? ஒரு வெள்ளக்காரன் அட்டென்ஷன்ல நிக்கிறான்.”

விமான நிலையத்துக்கு உள்ளேயே ஓடுகிற ரயிலில் ஏறினார்கள். இரண்டு நாற்காலிகளும் ஏறிவிட்டன என்று பெரியவர் சொன்னார். ரயில் ஓடும்போது அவர் குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்பா. இந்தம்மா பேரத்தானே மொதல்ல கூப்ட்டான்?”

“ஆமாங்க.”

“அது பாட்டுக்குப் போயிருக்கலாமில்ல?”

“போயிருக்கலாங்க.”

“அதும் பொண்ணுக்கு நாளிக்கு ஆபரேஷனாம். சொல்லிச்சு. அப்புறம் இன்னாத்துக்கு இது என்ன இழுத்துகினு ஓடுது?”

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் நான். “தெரியலீங்க” என்றேன். இரண்டு பேரும் ரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இந்தப் பக்கம் அக்கா இன்னொரு போனில் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். கெஞ்சவும் இல்லை, சண்டையும் போடவில்லை. “உங்க வீல்சேர் பாசஞ்சர்ஸ் மூணு பேர். உங்க ஆள் கூடவே வந்துகிட்டிருக்காரு. நீங்கதான் உக்கார வெச்சீங்க, நீங்கதான் ஏத்தணும். கேட்ல சொல்லிடுங்க.” அவ்வளவுதான். மூன்று பேர் என்று சொன்னார். நம்ம டிக்கெட், அவங்க டிக்கெட் என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை. அதைக் கேட்டுக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருந்தேன். வடை ஆறிப்போயிருந்தது.

“வாசல் வந்துச்சு” என்றார் பெரியவர். “மூடல. ஒரு பொண்ணு நின்னுகினு கையக் காட்டுது. செக்கிங்காரன் செருப்பக் கயட்ட சொல்றான். போன வையி.”

போன் அணைந்தது.

பிறகு நான் திரையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். அக்கா, “தட்டித் தட்டி அதை உடைச்சிடாதீங்க” என்றார். கடைசியில் டீச்சர் பெயருக்கு நேரே, ஏறிவிட்டார் என்று வந்தது. மற்ற இருவர் எங்கள் டிக்கெட் இல்லை என்பதால் அவர்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. நான் எதற்காக அவர்களைப் பற்றிக் கவலைப்படுகிறேன் என்று எனக்கே வேடிக்கையாக இருந்தது. சற்று முன் அவர்களை விட்டுவிட்டுப் போகச் சொன்னவன் நான்தானே. அப்போது டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. “மூவரும் ஏறியாயிற்று. பெரியவர் ஜன்னல் ஓரம் கேட்டு அடம் பிடிக்கிறார்.”

அங்கிருந்து ஹூஸ்டன் ஏறக்குறைய பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர். பதினாறு மணி நேரம். அந்தத் தூரத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன். நீங்களும் இரண்டு ஊர்களுக்கு நடுவே எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால், எண்ணைச் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். நடுவே இறங்குகிற இடத்தில் நடக்கப் போவது யார், எப்படி நடப்பார் என்று கேளுங்கள். கால் நன்றாக இருந்து வழி மட்டும் தெரியாதவருக்கு, வழிகாட்ட ஒரு ஆள் போதும் என்று கேட்கிற வசதியும் உண்டு. ஏர்லைன்ஸ்காரர்கள் சுலபத்தில் தரமாட்டார்கள், போராடித்தான் வாங்க வேண்டும். கட்டத்தைத் தட்டுவது சுலபம். ஆனால் நான் சும்மா தட்டிவிட்ட ஒவ்வொரு நாற்காலிக்கும் பின்னால், ஆள் வரட்டும் என்று ஒரு மூலையில் நிஜமாகவே நடக்க முடியாத யாரோ உட்கார்ந்திருந்திருப்பார்கள். அது எனக்கு அன்றுவரை தோன்றவே இல்லை. டீச்சர் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார். அதனால்தான் அவரை நினைத்தால் இன்றும் முதுகு தானாக நிமிர்கிறது.

சில நாட்கள் கழித்து மகள் போன் செய்தாள்.

“சார், ரொம்ப தேங்க்ஸ். பொண்ணு பொறந்திருக்கா. ஆபரேஷன் முடியற வரைக்கும் அவர் என் கையைப் பிடிச்சுகிட்டே இருந்தாரு.”

“ரொம்ப சந்தோஷம்மா. அம்மா எப்படி இருக்காங்க?”

“சூப்பரா இருக்காங்க. வந்த அன்னிக்கே என் பையனை வரிசையில நிக்க வெச்சுட்டாங்க. ஒரே ஆள் வரிசை.” சிரித்தாள். “வழியெல்லாம் ராணி மாதிரி உக்கார வெச்சுத் தள்ளிகிட்டு வந்தாங்களாமே. கால் தரையிலயே படலையாம். முதல்ல வேணாம்னு எவ்ளோ சண்டை போட்டாங்க பாருங்க. இப்ப, நீ சொன்னதுதான்டி சரி, வீல்சேர் போட்டதாலதான் கஷ்டமில்லாம வந்தேன்னு சொல்றாங்க. எல்லாம் உங்களாலதான் சார்.”

வாயைத் திறந்தேன். எதிரில் அக்கா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதுக்குத்தாம்மா நாங்க எல்லாருக்கும் வீல்சேர் போடறது” என்றேன்.

போனை வைத்தேன். அக்கா கேட்டார், “ரிட்டர்ன் டிக்கெட்ல டீச்சருக்கு என்ன பண்ணப் போறீங்க சார்?”

“வீல்சேரை எடுத்துடறேன்க்கா.”

“எடுக்காதீங்க. எடுத்தா, அம்மா நடந்துதான் வந்தாங்கன்னு பொண்ணுக்குத் தெரிஞ்சுடும்.” மறுபடி குனிந்து தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். “எப்படியும் அதுல வேற யாராவதுதான் உக்காந்து வரப்போறாங்க.”